அறப்பழி நீக்கலும் நிறுவனத்தின் சிறப்பும்

இந்நாளில் எந்த அலுவலகத்திற்குச் சென்றாலும் வாயிலுக்கு எதிரே கண்ணாடிச் சட்டமிட்ட பலகை ஒன்றைக் காண்கிறோம். தரத்தையே குறிக்கோளாகக் கொண்டிருப்பதாக அதில் பொன்னெழுத்துகளில் பொறித்திருப்பார்கள். வங்கி, மருத்துவமனை, பள்ளி என எங்கும் இப்பலகை உண்டு. பலகை தொங்கும் இடங்களுள் சில மெய்யாகவே சிறந்து விளங்குகின்றன. சில பலகையோடு நின்றுவிடுகின்றன. ஒரே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், ஒரே ஊதியம், ஒரே பாடநூல். ஆயினும் ஒரு பள்ளி தழைக்கிறது, அதற்கு இரண்டு கல் தொலைவிலுள்ள மற்றொரு பள்ளி வாடுகிறது. இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

ஆசிரியப் பணியில் 37 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்ற நாம் இவ்வினாவை நெடுநாள் எண்ணிப் பார்த்ததுண்டு. கட்டடம், பணம், திறமையுள்ள ஆட்கள் ஆகிய யாவும் வேண்டுவனவே. ஆனால் இவற்றைவிட ஒன்று முந்தி நிற்கிறது. பணிபுரியும் ஒருவரின் குறை வெளிப்படும் வேளையில் அந்த நிறுவனம் அவரை எவ்வாறு நடத்துகிறது என்பதே அது. குறையை மூடிவிடுவதா, ஊரறியச் சொல்வதா? நாளும் எழும் இவ்வினாவுக்கு ஒரு நிறுவனம் அளிக்கும் விடையில்தான் அதன் சிறப்பும் சிதைவும் அடங்கியிருக்கின்றன.

இவ்வினா நமக்குப் புதிதன்று. நற்காட்சியின் எட்டு உறுப்புகளை நம் இல்லங்களில் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்விப்பார்கள். ஐயப்படாமை, விருப்பின்மை, வெறுப்பின்மை, மயக்கமின்மை என்னும் நான்கும் ஒருவர் தம்மளவில் பேண வேண்டியவை. பழியை நீக்கல், அழிந்தோரை நிறுத்துதல், பேரன்புடைமை, அறம் விளக்கல் என்னும் பின்னான்கும் பிறரோடு கூடி வாழும்போது பேண வேண்டியவை. சங்கம், பள்ளி, அறக்கட்டளை, ஆலய நிருவாகம் ஆகிய யாவற்றுக்கும் உரிய இலக்கணம் இப்பின்னான்கினுள் அமைந்திருக்கிறது என்று கொள்ளலாம். இவற்றுள் முதலாவதாகிய பழியை நீக்கலை வடமொழியில் உபகூஹனம் என்பர். அறநெறியில் நிற்போரிடம் அறியாமையாலோ இயலாமையாலோ நேரும் குறையைத் தூற்றாமல் மறைத்துக் காத்தல் என்பது இதன் பொருள்.

இங்கேதான் இடர்ப்பாடு எழுகிறது. குறையை மறைப்பது அறமானால் குறை வளராதா? குறை வளரும் இடத்தில் சிறப்பு எங்ஙனம் வளரும்? இவ்வினாவில் நாமே இருமுறை தவறியிருக்கிறோம். இருமுறையும் எதிரெதிரான திசைகளில் தவறினோம் என்பதால் அவற்றைச் சொல்வது பயன்தரும் என எண்ணுகிறோம்.

1978-ஆம் ஆண்டில் நாம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. அடுத்த அறையில் ஐந்தாம் வகுப்பை நடத்தியவர் எமக்கு மிகவும் வேண்டிய ஓர் அம்மையார். அவருடைய கணவர் நெடுநாள் நோயுற்றிருந்தார். இரவெல்லாம் விழித்திருந்து காலையில் பள்ளிக்கு வரும் அவர் மேசைமேல் தலைசாய்த்து உறங்கிவிடுவார். பிள்ளைகள் ஓசையின்றிச் சிலேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார்கள். பாடக் குறிப்பேட்டில் பாடம் நடந்ததாக எழுதப்பட்டிருக்கும். தேர்வுப் பதிவேட்டில் மதிப்பெண்கள் நிரப்பப்பட்டிருக்கும். நாம் யாவும் அறிந்திருந்தோம். ஆய்வாளர் வருகையன்று அவ்வகுப்பில் நன்கு வாசிக்கும் நான்கு பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்தியதும் நாமே. இதனை உபகூஹனம் என்று மெய்யாகவே நம்பினோம். துன்புறும் ஒருவரைக் காட்டிக் கொடாமல் இருப்பதைவிட உயர்ந்த அறம் வேறெது என்று மனநிறைவும் கொண்டோம்.

எட்டாண்டுகள் கழிந்து திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஓர் இளம்பெண் இடுப்பில் குழந்தையுடன் எம்மை அணுகி, “டீச்சர், இந்த வண்டி செஞ்சிக்குப் போகுமா?” என்று கேட்டாள். வண்டியின் நெற்றியில் ‘செஞ்சி’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அவள் அந்த ஐந்தாம் வகுப்பில் இருந்தவள். ஆறாம் வகுப்பில் சேர்ந்து, வாசிக்க இயலாமல் மூன்றே மாதங்களில் நின்றுவிட்டாள் என்பதைப் பேச்சினிடையே அறிந்தோம். அவள் எம்மீது சிறிதும் குறைபட்டுக்கொள்ளவில்லை. தனக்குப் படிப்பு ஏறவில்லை என்று தன்னையே நொந்துகொண்டாள். நாம் மறைத்த குறையின் விலையை அம்மையாரும் கொடுக்கவில்லை, நாமும் கொடுக்கவில்லை, அவள் கொடுத்திருந்தாள். அம்மையாரின் வகுப்பை இரண்டு மாதங்கள் நாம் சேர்த்து நடத்தியிருக்கலாம். தலைமையாசிரியரிடம் தனியே சொல்லி அவருக்கு விடுப்பு வாங்கித் தந்திருக்கலாம். குறையையும் குறையுடையாரையும் ஒன்றாகக் கருதி, இரண்டையும் ஒரே போர்வையால் மூடியதே நாம் செய்த பிழை.

இதன்பின் நாம் எதிர்த்திசையில் சென்றோம். 1991-இல் வேறொரு பள்ளியில் தலைமைப் பொறுப்பேற்றபோது, இனி எக்குறையையும் மூடுவதில்லை என உறுதி பூண்டிருந்தோம். எம்மினும் மூத்த ஆசிரியர் ஒருவர் கட்டுரை ஏடுகளைப் படித்துப் பாராமலேயே சிவப்பு மையால் குறியிட்டிருந்தார். ஆசிரியர் கூட்டத்தில் அவ்வேடுகளுள் ஒன்றை விரித்து, அதிலிருந்த பிழைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினோம். நாம் சொன்னவை யாவும் உண்மையே. அவர் எழுந்து நின்றவாறே கேட்டுக்கொண்டிருந்தார். அமருமாறு சொல்லவும் எமக்குத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டே அவர் மாறுதல் பெற்றுச் சென்றார்.

அதன்பின் எம் பள்ளியின் ஏடுகள் மிக அழகாக இருந்தன. பாடக் குறிப்புகள் தவறாமல் வந்தன. பதிவேடுகளில் அடித்தல் திருத்தல் இல்லை. ஆண்டாய்வில் பாராட்டுக் கிடைத்தது. நாம் பெருமிதம் கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மூன்றாம் வகுப்பின் மேற்கூரைக் காரை பெயர்ந்து, பிள்ளைகள் அமரும் இடத்தில் விழுந்தது. விடுமுறை நாளாதலின் எவருக்கும் தீங்கில்லை. மறுநாள் அவ்வகுப்பு ஆசிரியை அழுதுகொண்டே எம்மிடம் வந்தார். விரிசலை இரண்டு மாதங்களுக்கு முன்பே கண்டதாகவும், “முன்னமே ஏன் பார்க்கவில்லை என்று கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்பீர்களோ என்று பயந்துவிட்டேன் அம்மா” என்றும் சொன்னார். எம் கண்டிப்பு குறைகளைப் போக்கவில்லை, எம் கண்ணுக்கு எட்டாத இடத்திற்கு அவற்றைத் துரத்தியிருந்தது என்பதை அன்று உணர்ந்தோம்.

மூடினாலும் கேடு, தூற்றினாலும் கேடு எனில் செய்யத்தக்கது யாது? அந்நாளில் உபகூஹனத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் ஜினேந்திரபக்தரின் கதையை மீண்டும் எண்ணிப் பார்த்தோம். சமந்தபத்திராசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் எட்டு உறுப்புகளுக்கும் எண்மரைச் சான்றாகக் காட்டுகிறார். அவர்களுள் ஐந்தாமவர் இவ்வணிகப் பெருமகன். இவர் இல்லத்தில் பார்சுவநாதர் திருவுருவத்தின் மேலே அமைந்த குடையில் விலைமதிப்பற்ற வைடூரியம் ஒன்று இருந்தது. அதனைக் கவரக் கருதிய கள்வன் ஒருவன் துறவு வேடம் பூண்டு வந்து, வணிகரின் நம்பிக்கையைப் பெற்றான். அவர் வெளியூர்ப் பயணம் புறப்பட்ட சமயத்தில் இரவோடு இரவாக மணியை எடுத்துக்கொண்டு ஓடினான். மணியின் ஒளியைக் கண்டு காவலர் துரத்தவே, வேறு புகலின்றி வணிகரிடமே வந்து சேர்ந்தான். துறவுக் கோலத்தில் நின்ற ஒருவன் கள்வன் என்று தெரிந்தால் அறநெறியையே உலகம் இகழும் என்பதை நினைந்த வணிகர், தாம் சொல்லியே அவர் மணியைக் கொண்டுவந்ததாகக் கூறிக் காவலரை அனுப்பிவிட்டார்.

நம்மில் பெரும்பாலோர் கதையை இவ்வளவில் நிறுத்திவிடுகிறோம். கதை இங்கு முடியவில்லை. காவலர் சென்றதும், அவ்விரவே வணிகர் அக்கள்வனை வெளியேற்றிவிடுகிறார். திருட்டைப் பொறுத்து அவனை மீண்டும் மணிக்குக் காவலாக வைக்கவில்லை. பழி அறத்தின்மேல் படராமல் தடுத்தார். அதே வேளையில் குற்றம் தம் இல்லத்தில் தங்கவும் இடங்கொடுக்கவில்லை. நாம் 1978-இல் கதையின் முதற்பாதியை மட்டும் கைக்கொண்டோம். 1991-இல் பிற்பாதியை மட்டும் கைக்கொண்டோம்.

வணிகர் கூறியது பொய்யன்றோ என்று ஞாயிற்றுக்கிழமை அறவகுப்பில் ஒரு மாணவி எம்மைக் கேட்டதுண்டு. நல்ல வினா. அதே நூல் சிராவகர் பேசத்தகாதவற்றுள் பெரும்பொய்யையும் சொல்கிறது. பிறருக்குப் பேரிடர் விளைக்கும் மெய்யையும் சொல்கிறது. இவ்விரண்டும் மோதும் இடத்தில் நின்றவர் அவ்வணிகர். அவர் சொல்லை எல்லாரும் எல்லா இடத்திலும் பின்பற்றத்தக்க விதியாக நாம் கொள்ளவில்லை. அவர் தம் நலத்தைக் காத்துக்கொள்ள அதனைச் சொல்லவில்லை என்பதை மட்டும் மாணவிக்கு எடுத்துரைத்தோம். பொருள் அவருடையது, இழப்பும் அவருடையது. பிறருடைய இழப்பை மறைப்பதற்கு இக்கதையில் இடமில்லை.

இதனினும் தெளிவான வழிகாட்டுதல் ஆசாரியரின் இலக்கணத்தில் கிடைக்கிறது. முனிவர் சங்கமும் ஒரு நிறுவனமே. சங்கத்தை நடத்தும் ஆசாரியர் ஐவகை ஆசாரங்களையும் முதலில் தாம் ஒழுகிப் பின்னர்ப் பிறரை ஒழுகச் செய்பவர். சிவாரியர் இயற்றிய பகவதி ஆராதனை, இறுதி நோன்பை மேற்கொள்ளும் முனிவர்க்குத் துணைநிற்கும் ஆசாரியரிடம் எட்டுக் குணங்கள் இருக்க வேண்டும் என்கிறது. அவற்றுள் ஒன்று, குற்றத்தை உள்ளடக்கி வைத்திருக்கும் முனிவரை விடாது வற்புறுத்தி அதனை வெளியே கொணரும் வன்மை. மற்றொன்று, அங்ஙனம் தம்மிடம் உரைக்கப்பட்டதை வேறு எவரிடமும் கசிய விடாமை. பின்னதை உடையவரை அபரிஸ்ராவி என்பர். காய்ச்சிய இரும்பு உண்ட நீர் எவ்வாறு வெளிவராதோ அவ்வாறு அவர் உள்ளத்தில் புகுந்த குற்றம் வெளிவராது.

இவ்விரு குணங்களும் ஒருவரிடமே அமைய வேண்டும் என்பதைக் கருத வேண்டும். வெளிக்கொணரும் வன்மை மட்டும் இருந்தால் சங்கத்தார் அஞ்சி ஒளிப்பர். கசியாமை மட்டும் இருந்தால் குற்றங்கள் சொல்லப்படாமலே உள்ளே கிடந்து அழுகும். குறை வர வேண்டிய இடத்திற்கு வர வேண்டும். போகத்தகாத இடத்திற்குப் போகலாகாது. நிறுவனத்தின் சிறப்பு இந்த ஒழுங்கில் வளர்கிறது.

பிற்கால உலகம் பெரும் விலை கொடுத்து இதே முடிவுக்கு வந்ததற்கு ஒரு சான்று உண்டு. 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டன் நகரை அணுகிக்கொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானம் வர்ஜீனியா மாநிலத்து மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். தரையிறங்க அனுமதி கிடைத்தவுடன் எவ்வளவு தாழப் பறக்கலாம் என்பதில் விமானிகளுக்கும் தரைக் கட்டுப்பாட்டாளர்க்கும் இடையே ஒத்த புரிதல் இல்லாமையே காரணம். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே குழப்பத்திற்கு உள்ளாகி, அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. அச்செய்தி அந்த நிறுவனத்தின் விமானிகளுக்கு மட்டும் சொல்லப்பட்டது, பிறரை எட்டவில்லை.

இதன்பின் 1976-இல் அமெரிக்காவில் விமானிகள் தம் தவறுகளைத் தாமே எழுதி அனுப்பும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. தண்டிக்கும் அதிகாரமுடைய விமானப் போக்குவரத்துத் துறைக்கே எழுதச் சொன்னால் எவரும் மனம் திறவார் என்பதால், அம்மடல்களைப் பெறும் பணி நாசா அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. எழுதியவரின் பெயரை நீக்கிவிட்டு, தவற்றின் செய்தியை மட்டும் எல்லா விமானிகளுக்கும் அறிவிக்கிறார்கள். விபத்துகளுக்கும் குற்றச் செயல்களுக்கும் இப்பாதுகாப்பு இல்லை. குறை வெளிவருகிறது, குறையுடையார் காக்கப்படுகிறார், கொடுமைக்குப் புகலில்லை. ஆசாரியரின் இலக்கணத்தோடு இது எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை வாசகர்களே ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

காரை விழுந்த வாரத்தில் ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டி, முதலில் எம் தவற்றைக் கூறினோம். மூத்த ஆசிரியரை எல்லார் முன்பும் நிற்க வைத்ததற்கு வருந்துவதாகச் சொன்னோம். அவருக்கும் மடல் எழுதினோம். அவரிடமிருந்து மறுமொழி வரவில்லை. அதனை எதிர்பார்க்கும் உரிமையும் எமக்கு இருக்கவில்லை. பின்னர் மாதத்தின் கடைசி வெள்ளியன்று அரைமணி நேரம் ஒதுக்கினோம். அம்மாதத்தில் தாம் செய்யத் தவறியதையோ தவறாகச் செய்ததையோ ஒவ்வொருவரும் ஒன்று கூறலாம். தொடங்குபவர் தலைமையாசிரியை. பிறர் குறையைக் கூறலாகாது. கூறப்பட்டது அறைக்கு வெளியே போகலாகாது. ஒவ்வொரு குறைக்கும் அதைப் போக்கும் வழியையும் நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் மூன்று மாதங்கள் எம் குரல் மட்டுமே ஒலித்தது. நான்காம் மாதம் ஓர் இளம் ஆசிரியை, தமக்குப் பின்னக் கணக்குச் சரியாக விளங்கவில்லை என்றும், அதனால் அப்பாடத்தைத் தாண்டிச் சென்றுவிட்டதாகவும் தயங்கித் தயங்கிக் கூறினார். மறுவாரமே மற்றோர் ஆசிரியர் மாலைவேளையில் அவருக்கு அதைக் கற்பித்தார். அழிந்தோரை நிறுத்துதல் என்னும் ஆறாம் உறுப்பு நடைமுறையில் இவ்வளவு எளியதாகவும் இருக்கக்கூடும் என அன்று அறிந்தோம். பதிவேடுகளில் மீண்டும் அடித்தல் திருத்தல்கள் தோன்றின. அவற்றைக் கண்டு மகிழ்ந்தோம்.

இங்கு ஓர் எல்லையை ஐயத்திற்கிடமின்றிச் சொல்ல வேண்டும். அறியாமை, சோர்வு, இயலாமை ஆகியவற்றால் வரும் குறைகளுக்கே மேற்கூறிய காப்பு உரியது. பொதுப்பணத்தைக் கவர்வதும் எளியோரை வருத்துவதும் குறைகள் அல்ல, கொடுமைகள். குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததாக அறிந்தவர் காவல்துறையிடம் தெரிவிக்காதிருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. அத்தகைய செயலை நிறுவனத்தின் பெயர் கெடுமே என்று மூடுவோர் உபகூஹனம் செய்பவராகார். தீங்கிழைத்தவருக்குத் துணைநிற்பவரே ஆவர்.

நிறுவனத்தின் பெயர் என்னும் இச்சொல்லில்தான் நம் மனம் பெரிதும் ஏமாறுகிறது. நற்காட்சியைக் கெடுக்கும் எண்வகைச் செருக்குகளுள் குலச்செருக்கும் ஒன்று. நம் ஊர், நம் ஆலயம், நம் பள்ளி, நம் சங்கம் என்னும் பற்று அளவு மீறும்போது, அறத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு செருக்கைக் காத்துவருகிறோம். ஒரு குறையை மூட முற்படுகையில் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ளலாம். இக்குறையால் வரும் இழப்பு யாருக்கு? இழப்பு நம்முடையதாயின் பொறுத்தல் அறமாகும். நம்மை நம்பி வந்த பிள்ளைக்கோ, காணிக்கை செலுத்திய ஏழைக் குடும்பத்திற்கோ இழப்பு என்றால் நாம் பொறுப்பதற்கு அங்கே ஏதுமில்லை.

நம் ஜினாலயங்களும் அறக்கட்டளைகளும் பெரும்பாலும் நல்லோராலேயே நடத்தப்படுகின்றன. ஆயினும் திருவிழாக் கணக்கைப் பற்றி ஓர் இளைஞர் வினவினால் அது மரியாதைக் குறைவாகக் கொள்ளப்படும் ஊர்கள் இல்லாமலில்லை. கணக்கெழுதும் பெரியவருக்குக் கண்பார்வை மங்கியதால் ஒரு கூட்டல் பிழை நேர்ந்திருக்கலாம். கேட்க வழியிருந்தால் ஒரு மாலைப் பொழுதில் அது திருந்திவிடும். வழியில்லாதபோது அதே பிழை ஐயமாகி, புறங்கூறலாகி, இரண்டு தலைமுறை வழக்காகவும் மாறிவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைப் படிக்கும்போது, தலைவரே முன்வந்து இவ்வாண்டு தாம் தவறியவை இவையென இரண்டைச் சொல்வாராயின், இளைஞரின் வினா மரியாதைக்குள்ளேயே எழும்.

வந்தவாசியை அடுத்த வேடாலில் சோழன் முதலாம் ஆதித்தன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணவியர் 500 பேரையும் குறிப்பிடுகிறது. அத்துணைப் பெரிய பள்ளியிலும் பிணக்கு எழுந்ததையும், ஊரார் அவர்களைக் காத்து உணவளிப்பதாக ஏற்றுக்கொண்டதையும் அதனால் அறிகிறோம். பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பு இம்மண்ணில் பெண்துறவியர் கல்வி புகட்டிய பெருமையைப் பேசும் நாம், பிணக்கை மறைக்காமல் தீர்வையும் சேர்த்துக் கல்லில் பொறித்த அவ்வூராரின் நேர்மையையும் பேச வேண்டும்.

நாளும் செய்யத்தக்க ஆறு கடமைகளுள் பிரதிக்கிரமணத்தை நம் முன்னோர் வைத்ததன் கருத்தும் இதுவே. ஒவ்வொருவரும் தம் குறையைத் தாமே எடுத்துரைத்துப் பின்வாங்குவது அது. தசலட்சண நாள்கள் நிறைவுறும்போது ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டுகிறோம். இல்லத்திலும் ஆலயத்திலும் செய்வதை அலுவலக மேசையிலும் நிருவாகக் கூட்டத்திலும் செய்ய நாணுவதேன்?

பேருந்து நிலையத்தில் எம்மிடம் ஊர்ப்பெயர் கேட்ட அப்பெண்ணை அதன்பின் நாம் காணவில்லை. மாதத்தின் கடைசி வெள்ளிக் கூட்டத்தில் நாம் முதன்முதலாக எடுத்துரைத்த குறை அவளைப் பற்றியது. நம் சமூகத்தின் பள்ளிகளிலும் சங்கங்களிலும் பொறுப்பேற்றிருக்கும் சிராவக சிராவகியர் தத்தம் கூட்டத்தில் அத்தகைய முதற்சொல்லைத் தாமே சொல்லித் தொடங்குமாறு வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம்.

அறம் வளர்க!